மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம்

இடது கையில் இருபத்து மூவாயிரம்.
வலது கையில் எண்பத்தோராயிரம்.
பைபாஸ் ரோட்டுக் கடையின் ஏசியில்
என் சட்டையிலிருந்த மை வாசம்
எனக்கே அடித்தது.

"என்ன வேலைக்கு சார்? படம் பாக்கவா,
பிள்ளைங்க படிக்கவா?"
கழுத்து அட்டையில் நஸ்ரின் என்று இருந்தது.
தலை வெட்ட, என்றேன்.
அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.
மதுரைக்காரி.
"போஸ்டரா?" என்றாள்.

ஆமாம். செல்லூரில், பாலத்துக்குக் கீழே.
காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி.
யாரோ செல்போனில் எடுத்த கும்பல் போட்டோவில்
ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்து
மேகத்தின் மேல் உட்கார வைப்பேன்.
மவுஸைப் பிடித்துப் பதினோரு வருஷம்.
மணிக்கட்டில் ஒரு நரம்பு இப்போதெல்லாம்
ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாகப் பேசுகிறது.

இடது கைக்காரனில் கிறுக்கிப் பார்த்தேன்.
பேனா போய்ச் சேர்ந்த பிறகு கோடு வந்தது.
கடுகளவு தாமதம்தான்.
விசில் ஊதியும் கிளம்பாத மினி பஸ் மாதிரி.
வலது கைக்காரனில்
கோடு பேனாவுக்குள்ளேயே இருந்தது போல.

வீரணனுக்குப் போன் போட்டேன். பாதிப் பணம் அவனது.
"இருபதடி ஒசரத்துல கட்டுற பிளக்ஸு.
முடி முடியா வெட்டி யாருக்குக் காட்டப் போற?
விடிஞ்சா மாடு திங்கிற போஸ்டருக்கு
எம்பதாயிரமாடா?"
வித்தியாசம் ஐம்பத்தெட்டாயிரம்.
ஒரு டிசைனுக்கு முந்நூறு.
நூற்றுத் தொண்ணூற்று மூன்று சாவு,
அதற்கு மேல் மூன்றில் ஒரு காதுகுத்து.
கணக்கு அவன் பக்கம்தான் நின்றது.

"உங்க பைல் எதாச்சும் தெறந்து பாருங்க சார்,
எங்க டெமோ படத்துல எல்லாமே அழகாத்தான் தெரியும்."
இதைச் சொல்ல அவளுக்குக் கமிஷன் கிடையாது.

மெயிலில் நேற்றைய வேலை இருந்தது.
தனுஷ்கோடி, ஐம்பத்து நான்கு, டயர் கடை.
சம்சாரம்தான் போட்டோ கொண்டுவந்தது.
நின்றபடியே சொன்னது:
"கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது தம்பி,
அத மட்டும் எடுத்துருங்க."
எடுத்தேன். பக்கத்துத் தோலை அள்ளி அப்பினேன்.
நாற்பது வினாடி வேலை.
ராத்திரியே ஒட்டியாயிற்று, கோரிப்பாளையம் வரைக்கும்.

ஒரிஜினலைத் திறந்து
இரண்டு விரலால் விரித்தேன்.
இடதில் மஞ்சளாய் ஒரு பொட்டு.
வலதில்
கருப்பு கருப்பாகவே இருந்ததால்
அதற்குள் ஜன்னல் கம்பிகள் நின்றன.
கம்பிகளுக்கு முன்னால் மஞ்சள் சேலை.
தூக்கிய இரண்டு கை, கைக்குள் ஒரு போன்,
போனுக்கு மேலே, படம் சரியா விழுதா என்று
கொஞ்சம் சாய்ந்த தலை.

அந்த ஆள் எதைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

"ஆப் ஆயிருச்சா சார்?" என்றாள் நஸ்ரின்.
இல்லை, என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இருபத்து மூணு" என்றேன்.
பேனா தனியாக ரெண்டாயிரத்து நானூறு.
ஸ்க்ரீன் கார்டை அவள் ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டினாள்.

வேலை நன்றாகவே நடக்கிறது. நரம்பு பேசுவது குறைந்திருக்கிறது.
கடுகளவு தாமதத்துக்குக் கை பழகிவிட்டது,
கோட்டுக்கு முன்னாலேயே கை நிற்கிறது.

பதினாறாம் நாள் போஸ்டருக்கு
அதே போட்டோவைத்தான் கொடுத்தார்கள்.
என் ஸ்க்ரீனில் அது பொட்டு மட்டும்தான்.
எவ்வளவு விரித்தாலும் பொட்டு.
அதைச் சுற்றி மற்றதை எல்லாம் சுத்தம் செய்தேன்.
வீரணன் எட்டிப் பார்த்து,
"வெளிச்சம் அடிக்குதேடா" என்றான்.
பிரிண்ட்டில் போயிரும், என்றேன்.

போகவில்லை.